குன்றிமணி எடை

வண்ணார்பேட்டையில் தராசு பழுது பார்க்கிறவன் நான்.
வெங்காயக் கடையிலிருந்து வந்தாலும் நகைக்கடையிலிருந்து வந்தாலும்
முதலில் பித்தளைக் கல்லை வைத்துத்தான் பார்ப்பேன்.
பத்துக் கல்லும் ஐந்து கல்லும் சேர்ந்ததற்கு
ஒரு கிராம் குறைவாக இருந்தாள்
அந்த எட்டு மாதச் சோளப்பாம்பு.
கூடப் பொரித்ததெல்லாம் நாற்பதைத் தாண்டிவிட்டதாம்.
"இது தேறாது, சும்மா கொண்டு போங்க" என்றார்
நாகர்கோவில் ரூபன்தாஸ்.

செம்மேனி, ஓரங்களில் கறுப்பு.
குன்றிமணி என்று கூப்பிட்டேன்.
ஒரு காலத்தில் பொன் நிறுக்க அதுதானே கல்.

கட்டைவிரல் நகமளவு எலிக்குஞ்சை
வெந்நீரில் இளக்கி நீட்டினால்
முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.
மூன்று வாரம்.
பிறகொரு ராத்திரி டியூப்லைட்டுக்குப் பின்னாலிருந்து
பல்லியின் வால் மட்டும் துள்ளிக்கொண்டு விழுந்தது.
பல்லி விழும் பலன் போட்ட பஞ்சாங்கத்தில்
வால் விழுந்தால் என்னவென்று போடவில்லை.
எடுத்து எலிக்குஞ்சின் மேல் தேய்த்தேன்.
நாக்கு வெளியே வந்தது. இன்னொரு முறை வந்தது.
பிடித்துக்கொண்டாள்.

பில் புத்தகத்தின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்:
பதினான்கு. பதினான்கு. பதின்மூன்று. பதினாறு.
பதினாறு வந்த சந்தோஷத்தில்
இரை தின்ற மறுநாளே எடுத்துத் தட்டில் வைத்துவிட்டேன்.
கக்கிவிட்டாள்.
அப்புறம் பத்து நாள்
என் அவசரத்துக்கு அவள் பட்டினி.

ஐஸ் பெட்டியில் மாவுச் சட்டிக்கு மேலே
எலிகள் உறைந்த டப்பா.
சந்தனமாரி அதில் தையல் சாக்பீஸால்
பெருக்கல் குறி போட்டு வைத்தாள்.
அந்த டப்பாவைப் பற்றி அவள் பேசியதே இல்லை.

சித்திரையில் ஈரச் சாக்கு, மார்கழியில் சின்ன பல்பு.
மூன்று வருஷம் போய்விட்டது.
போன தையில் முந்நூற்று இரண்டு.
ஃபோன் போட்டேன்.
ஆண்பாம்பை ஓட்டைபோட்ட பெட்டியில் வைத்து
காலை பஸ்ஸிலேயே வந்துவிட்டார் ரூபன்தாஸ்.
"முட்டை பதினஞ்சாவது வரும்வே.
ஆளுக்குப் பாதி."

அவள் உரித்துப் போட்ட சட்டையைத் தூக்கிக் காட்டினேன்.
அவர் இன்ச் டேப் கேட்டார்.
முப்பத்தெட்டு.
"பெறகென்ன?" என்றார்.

மிஷினை நிறுத்திவிட்டு வந்தாள் சந்தனமாரி.
"இது உரிச்ச தோல்லா.
ஈரத்துல இழுபட்ட துணிய அளந்து
ஜாக்கெட் வெட்டுனா யாருக்குச் சேரும்?"
டேப்பைப் பிடுங்கிக்கொண்டு
கண்ணாடி ஓரம் நீண்டு கிடந்தவள் பக்கத்தில் குனிந்தாள்.
முப்பத்தொன்று.

எனக்குத் தெரியும்.
ஆண் வரப்போகிறது என்று
இரண்டு மாதமாக இரண்டிரண்டு எலி கொடுத்தேன்.
வாலடியில் சதை மடிந்ததைப் பார்த்தும்
பார்க்காததுபோல எண்ணை மட்டும் எழுதினேன்.
தட்டுக்கு அடியில் புளியை ஒட்டி
எடை காட்டுகிற வியாபாரிகளை
வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறேன், இதே கடையில்.

சின்ன உடம்பில் முட்டை அடைத்துச் செத்ததை
ரூபன்தாஸே சொல்லியிருக்கிறார் முன்பு.
இப்போது அதை அவர் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
"வேற பெண்ணு இருக்கு எங்கிட்ட" என்று
டீயை மிச்சம் வைத்துவிட்டுக் கிளம்பினார்.
பைபாஸில் பஸ் ஏறும் வரை
பெட்டி என் கையில்தான் இருந்தது.
உள்ளே அது உருண்டுகொண்டே வந்தது.

இப்போது பதினைந்து நாளைக்கு ஒரு எலி.
போன ஞாயிறு இருநூற்றுத் தொண்ணூற்றாறு.
அதையும் எழுதினேன்.
இன்றைக்குக் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
தட்டில் விட்டிருக்கிறேன்.
எண் நிற்க மாட்டேன் என்கிறது.
தொண்ணூற்றெட்டு, மூன்று, தொண்ணூற்றேழு.
தராசில் கோளாறில்லை.
அவள் அசைகிறாள்.