பேய் எழுத்து

மஞ்சக்குப்பத்தில் என் ஸ்டிக்கர் கடை.
வெட்டும் மெஷின் ஒன்று, இடுக்கி இரண்டு.
மின்விசிறி உண்டு, போடுவதில்லை.
போட்டால் அ பறந்துபோய்
எதிர் பேக்கரி ரொட்டியில் ஒட்டிக்கொள்ளும்.

வருகிறவர்களில் பாதிப்பேர் கேட்பது அந்த எழுத்தைத்தான்.
பெயர் தெரியாது யாருக்கும்.
"இங்கிலீஷ் பேப்பர் தலையில இருக்குமே" என்பார் வக்கீல் குமாஸ்தா.
"பேய் எழுத்துக்கா" என்பான் புல்லட்காரன்.
ஞானஸ்நானச் சான்றிதழுக்கு மாதிரி பார்க்க வந்த உபதேசியார்
"நம்ம எழுத்து" என்றார், பாட்டன் சொத்து மாதிரி.
ஆற்றைத் தாண்டி, பாண்டி எல்லையில்
பார் நடத்துகிறவருக்கு அது பீர் எழுத்து.

வளையத் தெரியாத எழுத்து, அவ்வளவுதான்.
வட்டம் போட வேண்டிய இடத்தில்
ஆறு முறை ஒடிந்து
முடிந்தது என்று நிற்கும்.
அகலப் பேனாவைச் சாய்த்துப் பிடித்த எவனோ
மையை மிச்சம் பிடிக்காமல் எழுதியது.
கறுப்புதான் வீடு முழுக்க;
வெள்ளை, இரண்டு வீட்டுக்கு நடுவே
பூனை மட்டும் போகிற சந்து.

மெல்லிய வகையும் இருக்கிறது,
முடியிழை வால்களோடு, அழகாக.
சித்திரை வெயிலில் ஒரு மாதம் வண்டியில் நின்றால்
வால்கள் சுருண்டு எழுந்து
வெட்டுக்கிளி மாதிரி பார்க்கும்.
தடித்ததைத்தான் வெட்டுகிறேன்.

எல்லாம் பெரிய எழுத்தில் கேட்டால் மறுத்துவிடுவேன்.
முதலெழுத்து மட்டும் கிரீடம் வைக்கட்டும்,
மற்றவை தலைகுனிந்து வரட்டும்.
மினி என்ற பெண்ணின் பெயரைப்
பெட்ரோல் டாங்கில் ஒட்டிக்கொண்டு போனான் ஒருத்தன்.
ஏழு கம்பி ஜன்னல் மாதிரி இருந்தது.
அவளால் படிக்க முடியவில்லையாம்;
யாருக்கு ஜன்னல் செய்தாய் என்று கேட்டாளாம்.
போன் நம்பர் கூடவே கூடாது.
மூன்றும் ஐந்தும் அண்ணன் தம்பி அதில்.

தேவனாம்பட்டினத்துப் பூவராகன் வந்தது ஐப்பசியில்.
"படகுக்குப் பேருக்கா. தமிழ்ல. ஆனா அந்த எழுத்துல."
தமிழில் அது இல்லை என்றேன்.
"நீ போடு, வந்துரும்."
பெயர்?
"நிதானம்."

சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான்.
போன வருஷம் முகத்துவாரத்தில் முந்தப் போய்
மச்சான் படகை இடித்தவன்.
ஊர்க்கூட்டம் போட்ட அபராதத்தில்
பாதி இன்னும் பாக்கி.

ஓலை கிழியாதிருக்க வளைந்தது நம் எழுத்து என்பார்கள்.
கிழிய ஓலை இல்லாத தைரியத்தில்
ஒவ்வொரு வளைவாக ஒடித்தேன்.
நி-யின் மேல்விசிறி தூண்டில் முள்ளானது.
தா, கதவைத் தாங்கிப் பிடிக்கும் ஆள்.
ன-வின் சுழிதான் இரண்டு ராத்திரி எடுத்தது,
நசுங்கிய நத்தையாகவே வந்தது,
மூன்றாம் நாள் திடீரென்று முஷ்டியானது.
கடைசியில் புள்ளி.
இந்த எழுத்தில் புள்ளி உருண்டை இல்லை;
பேனாவை வைத்து எடுத்தால் விழும்
சீட்டுக்கட்டு டைமன்.
ம் மேல் உள்ளங்கை அளவில் வைத்தேன்.

நிதானம் என்ற சொல்
யாரையோ வெட்டப் புறப்பட்டது போல
முன்பக்கத்தில் ஏறி நின்றது.

மறுவாரம் கடலிலிருந்து போன் போட்டான்.
பக்கத்துப் படகுக்காரனுக்கு ஒரு எழுத்தும் புரியவில்லையாம்,
ஆனால் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும்
"அந்தக் கறுப்பு வருது, ஒதுங்குடா" என்கிறானாம்.
ஒதுங்குகிறார்கள்.
அவன் மெதுவாகப் போகிறான்.

நேற்று வந்திருந்தான். மீன் வாசனையோடு ஒரு சந்தேகம்.
அலையடித்துப் புள்ளி விழுந்துவிட்டது.
நிதானம, நிதானம என்று
முடிக்கத் தெரியாமல் ஓடுகிறதாம் படகு.
"புள்ளி மட்டும் எவ்வளவுக்கா?"

பத்து ரூபாய் என்றேன்.
இரண்டு வெட்டினேன்.