மண்டிக்கு மேல்மாடி, ராயக்கோட்டை

மாத வாடகை டாலரில் என்றதும்
திம்மராஜ் சிரித்தார்:
"அதுக்கு எத்தனை பெட்டி தக்காளி தெரியுமா?"
சரி, மூலையில் கிடந்த கம்ப்யூட்டரே போதும்.
ஃபேன்தான் கொஞ்சம் இருமும்.

மூன்று இரவு.
நடுவில் இரண்டு தடவை கரண்ட் போனது.

பில்டு உடைந்தால்
இங்கே யாரும் எதையும் படித்ததில்லை;
மறுபடி ஓட்டுவோம்,
ஓடினால் சாமி புண்ணியம்.

இன்று பிரௌசரில்
லாக் வரிவரியாக இறங்குகிறது.
கீழே ஏலம். கைகள்
சிவப்பாய்ப் பார்த்துப் பொறுக்குகின்றன.
மேலே நானும்.

நாலாயிரத்துப் பன்னிரண்டாம் வரி:
எடைக் கணக்கு ஃபைலைக் காணோம்.
கடைசியாகக் கை வைத்தவர்
நாகவேணி.

நான்தான்.
கேக் வெட்டக் கூப்பிட்ட அவசரத்தில்
அழித்திருக்கிறேன்.

படியில் செருப்புச் சத்தம்.
திம்மராஜுக்கு லிங்க்கைக்
காலையிலேயே அனுப்பிவிட்டேன்.