குழல் கைமாறும் முன்

சைக்கிளைச் சுவரில் சாய்க்காதீர்கள் என்றார் ஒரியெத்தா.
கடை வாசலில் குறுக்கே ஒரு மீன்பிடிக் கயிறு.
இந்தப் பக்கம் நான்,
அந்தப் பக்கம் மாவு, வெங்காயம், மத்தி டப்பா.
பணத்தை வினிகர்க் கிண்ணத்தில் போடச் சொன்னார்.
நாணயங்கள் மூழ்கின.
தாள் மட்டும் சுற்றிச் சுற்றி மிதந்தது,
எந்தக் கரைக்குப் போவதென்று தெரியாமல்.

அடுத்த ஊர் எண்பத்தேழு கிலோமீட்டர்.
அதற்கப்பால் சாலை தீர்ந்துபோகும் ஊர்,
பிறகு படகு, எல்லை, காற்று, உஷுவாயா.
லா பாஸில் பூஜ்யமாக்கிய மீட்டர்
ஆறாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு காட்டுகிறது.
அதற்குச் சக்கரத்தை மட்டும்தான் எண்ணத் தெரியும்.

"காலையிலிருந்து ஒரு வண்டி வரவில்லை,
இதைவிடத் தனிமை எந்த ஊரில் கிடைக்கும்?"
சங்கிலிக்கு எண்ணெய் விட்டபடி கேட்டான் திபோர்.
அவன் சொல்வதில் தப்பில்லை.
அதுதான் தொந்தரவு.

பாலத்தடியில் காவலர் தள்ளி நின்று கேட்டிருந்தார்:
பதினான்கு நாளாய் யாரோடு இருந்தீர்கள்?
யாருமில்லை ஐயா, மலைதான், என்று சிரித்துவிட்டு வந்தோம்.
இரவு, கூடாரத்தில்,
பின்னோக்கி எண்ணிப் பார்த்தேன்.

நேற்று யாருமில்லை.
முந்தாநாள் லாரிக்காரர் ஒருவர், ஓர் ஆப்பிள்,
என் கத்தி, ஆளுக்குப் பாதி.
ஆறு நாள் முன்பு நோல்பெர்த்தோவின் ஆட்டுக் கொட்டகை.
வெளியே மழை, உள்ளே விறகடுப்பு,
ஐந்து பேருக்கு ஒரே குடுக்கை மாத்தே,
ஒரே வெள்ளிக் குழல்,
வாயிலிருந்து வாய்க்கு.
சுரங்கத்தில் இருபது வருடம் கல்தூள் குடித்த அவர் மைத்துனர்
எனக்கடுத்து உட்கார்ந்திருந்தார்.
அன்றைய சூடு இன்னும் விரல்களில் இருக்கிறது.
ஏழு, எட்டு, ஒன்றுமில்லை.
ஒன்பது நாள் முன்பு ஏரிப் படகு.
நெருக்கியடித்து ஒரே பெஞ்சில் ஏழு சுற்றுலாப் பயணிகள்.
பக்கத்திலிருந்தவள் விடாமல் இருமினாள்.
தூசி, என்றாள்.
தூசிதான், என்றேன் நானும்.

அங்கே எண்ணுவதை நிறுத்தினேன்.
பிறகு ஒன்பதிலிருந்து ஆறுக்கு
முன்னோக்கி வந்தேன்.
திரும்பத் திரும்ப அந்த மூன்று நாளையே
விடியும்வரை ஓட்டினேன்.
உடம்பு எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

காலையில் வேலியோரம் ஒரியெத்தாவின் கணவர் எரிபெர்த்தோ,
அக்குளில் ஃபிளாஸ்க், கையில் குடுக்கை.
நோய், கயிறு, வினிகர் எல்லாம் மறந்த
பழக்கத்தின் கை நீண்டது.
குடித்துவிட்டுப் பேசாமல் திருப்பிக் கொடுத்தால்
இன்னொன்று வேண்டும் என்று அர்த்தம் இங்கே.
'கிராசியாஸ்' என்றால் போதும் என்று அர்த்தம்.
நான் வாங்காமலே சொன்னேன்.
"இன்னும் ஆரம்பிக்கவேயில்லையே" என்றார்.
கொஞ்ச நேரம் கழித்துக் கையை மடக்கிக்கொண்டு
அவரே குடித்தார், மலையைப் பார்த்து.

எங்களிடம் பம்ப் ஒன்றுதான்.
எதிர்க்காற்று, செங்குத்து ஏற்றம், என் முழங்கால் என்று
திபோரிடம் என்னென்னவோ சொன்னேன்.
பிறகு பம்ப்பை எடுத்து அவன் பையில் செருகினேன்.
அவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
ரொட்டியில் பெரிய பாதியை என் பக்கம் தள்ளினான்.
சரளைக்கல் சத்தம் வளைவுவரை கேட்டது.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் என் கூடாரம்.
லெங்கா மரங்கள் மேலிருந்து சிவந்துகொண்டே இறங்குகின்றன.
முன்சக்கரம் தினமும் கொஞ்சம் தளர்கிறது.
வேலிக்கு அப்பாலிருந்து எரிபெர்த்தோ நாளை எண்ணிக் கத்துகிறார்.
நானும் திருப்பிக் கத்துகிறேன்.

போன் எட்டாத பண்ணைகளுக்கு
மதிய வானொலியில் சேதி வாசிப்பார்கள்.
நான் ஒன்று அனுப்பினேன்:
'மழையன்று மாத்தே குடித்த சைக்கிள்காரர் கேட்கிறார்,
எல்லோருக்கும் மூச்சு நன்றாக இருக்கிறதா?'

நான்காம் நாள் பதில் வந்தது,
ஒரு மாட்டு விற்பனைக்கும்
ஒரு ஞானஸ்நானத் தள்ளிவைப்புக்கும் நடுவில்:
'நோல்பெர்த்தோ சொல்லச் சொன்னார்,
ஆடுகள் நலம்.'