ஒன்றை மட்டும் டிக் செய்யவும்

மஞ்சள் என்றால் விழக்கூடியவர்.
கைப்பட்டை மஞ்சள், தலைமாட்டு அட்டை மஞ்சள்,
காலுறையும் மஞ்சள், அடியில் வரிசையாய் ரப்பர் புள்ளிகள்.
மாட்டிவிடும்போது கன்னியப்பன் கேட்டார்:
"மஞ்சத் தண்ணி ஊத்தியாச்சு.
எப்ப சிஸ்டர் வெட்டுவீங்க?"

ஆம்பூரில் இருபத்தாறு வருஷம், ஷூ கம்பெனி.
கடைசி ஒன்பது வழுக்கல் பார்க்கும் மெஷினில்.
ஓட்டின் மேல் சோப்புத் தண்ணீர் ஊற்றி
ஷூவை இழுக்கும் மெஷின்.
உள்ளே கால் கிடையாது, இரும்பு அச்சுதான்.
ஜெர்மனியில் யாரோ விழாமலிருக்க
இவர் நம்பர் எழுதித் தந்தார்.

ஒரு காலுறையைக் கழற்றித் திருப்பினார்.
கட்டைவிரலால் தேய்த்தார், முகர்ந்தார்.
டம்ளரிலிருந்து இரண்டு சொட்டு தரையில் விட்டு
குனிய முடியாமல் என்னிடம் நீட்டி
"இழுங்க" என்றார்.
இழுத்தேன்.
காய்ந்த இடத்தில் பிடித்தது, ஈரத்தில் போய்விட்டது.
"நான்னா பாஸ் போட மாட்டேன்.
ஆஸ்பத்திரி சரக்கு, இன்னா பண்றது."

அவர் காலுக்கு ஒன்பதாம் நம்பர். வந்தது ஃப்ரீ சைஸ்.
நடக்க நடக்க முறுக்கிக்கொண்டு
புள்ளிகள் பாதத்தின் மேலே ஏறிவிடும்.
போதாததற்கு, சாமி படம் மாட்டிய தூணருகே
கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொள்வார்.
ரப்பர் ஒட்டியதெல்லாம் அவருக்குச் செருப்பு.

சித்திரை. நடுநிசிக்கும் ஆறாத வேலூர்.
சாயங்கால நீர் மாத்திரை
மருந்தகத்திலிருந்து ஒன்பதரைக்குத்தான் வந்தது.
மணியைக் கைக்கெட்டும்படி கம்பியில் சுற்றிவிட்டு
எழுந்தால் அழுத்துங்கள் என்று மூன்று முறை சொன்னேன்.
இரண்டு நாற்பதுக்கு டப்பாவைத் திறந்தேன்.
முள்ளுக்கத்திரிக்காய்க் குழம்பு.
நாலு வாய் இருக்கும்.

பெரிய சத்தமில்லை.
யாரோ மூட்டையை இறக்கிவைத்த மாதிரி.

மல்லாந்து கிடந்தார்.
ஓடிவந்த என்னைப் பார்த்தபடி இரண்டு உள்ளங்கால்.
அன்றைக்கென்று
புள்ளிகள் சரியான பக்கம் இருந்தன.
வழுக்கவில்லை, முட்டி மடங்கிவிட்டது.
நெற்றியில் எலுமிச்சையளவு வீக்கம்.
டாக்டர் கண்ணில் டார்ச் அடித்து
ஸ்கேனுக்கு எழுதிப் போனார்.

தரை ஈரமா? இல்லை.
வழுக்காத காலுறை? ஆம்.
மணி எட்டும் தூரத்தில்? ஆம்.
அழுத்தினாரா? இல்லை.
ஏன்?

ஏன் என்று கேட்டேன்.
ஐஸ் பையைப் பிடித்தபடி
சுவரைப் பார்த்துச் சொன்னார்:
"சாப்பிட உக்காந்தீங்களே."

மறதி, குழப்பம், மறுப்பு, மற்றவை.
மற்றவைக்கு விட்ட இடம் ஒரு விரல் நீளம்.
"சாப்பாடு" என்று எழுதினேன்.
மேட்ரன் முகம் வந்தது. அடித்தேன்.
ஜெர்மனி நம்பர்களை இன்னும்
வரிசையாய் ஒப்பிக்கிற மனுஷனுக்கு
மறதி என்று டிக் போட்டேன்.

இன்று டப்பாவைத் திறக்குமுன்
பதினாலாம் கட்டிலுக்குப் போனேன்.
போகணுமா?
"இல்ல சிஸ்டர், நீங்க சாப்டுங்க."
போர்வைக்குள் அவர் கால் ஏற்கெனவே
கட்டிலின் ஓரத்தைத் தேடிக்கொண்டிருந்தது.

தோள் கொடுத்து நடத்திப் போனேன்.
கதவருகே நின்று காலுறையைக் கழற்றப் பார்த்தார்.
வேண்டாம் என்றேன்.
ஈரத்துக்கு ஆகாதே என்றார்.
ஆகாதுதான்.
இடுப்பைச் சுற்றி இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தேன்.