வில்லங்கம்

சத்துவாச்சாரி கோர்ட் வாசலில்
ஜெராக்ஸ் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவே
என் தட்டச்சு மேசை.
பக்கத்துக்குப் பதினைந்து ரூபாய்.
அழுகைக்குத் தனியாக வாங்குவதில்லை.

முனவ்வர் பாஷாவின் நிலம்
பேர்ணாம்பட்டில் நாற்பத்திரண்டு சென்ட்.
சித்தப்பா மகன்களோடு பாகத் தகராறு,
குடியாத்தத்தில் தொடங்கி
அப்பீலில் இங்கே வந்து
இருபத்தோராம் வருஷம் நடக்கிறது.
முதல் மனுவை அடித்தது நான்தான்,
அன்றைக்கு ரெமிங்டன்.
மூன்று பிரதிவாதிகளின் பெயருக்குப் பின்னால்
'இறந்துவிட்டார், வாரிசுகள்' என்று சேர்த்ததும் நான்தான்.

அங்கே அறுபது மெஷின் போட்டு
ஷூவுக்கு மேல்தோல் தைக்க நினைத்தார்.
பேங்கில் வில்லங்கச் சான்று கேட்டார்கள்.
கொடுத்தார்.
மானேஜர் படித்துவிட்டுத் தள்ளி வைத்தார்,
ஈ விழுந்த டீயைப் போல.

நிலத்தில் இப்போது வேலிகாத்தான்.
தைக்க வேண்டிய பெண்கள்
விடியுமுன் நாலே முக்காலுக்கு
ஆம்பூர் கம்பெனி வண்டிக்கு நிற்கிறார்கள்.

போன ஆடியில் வேறொரு காகிதத்தோடு வந்தார்.
நிறம் சரியில்லை என்று
ஹாம்பர்க்கில் ஒருவன் தோலைத் திருப்பிவிட்டான்.
ஒப்பந்தத்தின் பதினேழாம் ஷரத்து:
தகராறு வந்தால் அவர்கள் ஊர், அவர்கள் சட்டம்.
பதிலை அடித்துக் கொடுத்தேன், மெயிலில் போனது.
முப்பத்தெட்டாம் நாள் தீர்ப்பு.
தோற்றுவிட்டார். எட்டரை லட்சம்.

என்ன சொல்வதென்று நான் விழிக்க
அவர் சிரிக்கிறார்:
'போனது எவ்வளவுன்னு தெரிஞ்சுபோச்சேம்மா.
மறுநாளே கடனுக்குத் தோல் எடுத்துட்டேன்.'

அந்த ஒப்பந்தத்தில்
நிறம் பற்றி மட்டும் மூன்று பக்கம்.
நிறம் கழுவிய தண்ணீர் எங்கே போயிற்று என்று
ஒரு வரி இருக்குமா, தேடிப் பார்த்தேன்.
இல்லை.
கிணறு உப்பாகிப்போன ஐந்து பேர்
அதற்காகப் போட்ட வழக்கு
மாடியில் தூங்குகிறது.
அவர்களுக்கும் நான்தான் அடித்தேன்.
வேகம் யாருக்கு என்பதும் ஒரு ஷரத்துதான் போல,
எண் போடாத ஷரத்து.

இன்று நீதிபதி விடுப்பு.
வாய்தா, பிப்ரவரி பதினொன்று.
முனவ்வர் பாஷா உள்ளங்கையில் எழுதிக்கொண்டு
பஸ்ஸுக்கு ஓடினார்.

அவர் போன கொஞ்ச நேரத்தில்
எஸ்தர் பூங்கொடி வந்தாள், பி.எஃப். படிவத்தோடு.
ஷெட் எழும்பினால்
முதல் மெஷின் உனக்கு என்று
அவர் சொல்லி வைத்திருந்த பெண்.
வயது என்ற இடத்தில் ஐம்பத்தெட்டு அடித்தேன்.
ஊசி குத்திக் காய்த்த விரலால்
காகிதத்தைத் தடவியபடி கேட்டாள்,
'பாய் ஷெட்டு கட்டிட்டாராக்கா?'

மை காயட்டும்,
மடித்துவிடாதே என்றேன்.