பருப்பு வகை: ஆம்

மதுரையிலிருந்து பேசுகிறேன் அக்கா,
பத்து நிமிடம் போதும் என்றது குரல்.
சார்ஜ் இரண்டு கோடு இருந்தது.
சரி என்றேன்.

வீட்டில் எத்தனை பேர்?
நான்கு.

நேற்று விடிந்ததிலிருந்து இன்று விடியும்வரை
என்ன சாப்பிட்டீர்கள்?
சோறு.
தானியம், ஆம் என்று
தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

காய்?
மன்னவனூரில் கேரட்டை மாட்டுக்குக் கொட்டுகிறார்களாம்,
லாரி ஏறவில்லை.
நடுவில் கிடக்கும் முப்பது கிலோமீட்டரை
எப்படிச் சமைப்பது?
காய் இல்லை.

பழம்?
பங்களா வேலிக்கு வெளியே விழுந்த பிளம்ஸ்.
சின்னவள் பொறுக்கினாள். ஆறு.
இரண்டில் புழு.
அதுவும் பழம்தான் அக்கா.

முட்டை?
பள்ளிக்கூடம் எப்போது திறக்கும்?
அது அவள் தாளில் இல்லாத கேள்வி.

கறி, மீன்?
சிரித்துவிட்டேன். அவளும்.

பருப்பு வகை?

கொடைக்கானல் ஏரியைச் சுற்றிக் குதிரை ஓட்டுகிறவர்
என் வீட்டுக்காரர் சவரியப்பன்.
குதிரைக்குப் பெயர் டைகர்.
சீசனுக்கென்று மார்ச்சில்
இரண்டு மூட்டை கொள்ளு கடனுக்கு எடுத்துப் போட்டார்.
ஊர்ப்பிள்ளைகளைச் சுமக்க
அதற்கு முதுகு வேண்டுமே.
பிறகு ஏரிச் சாலைக்குக் கயிறு கட்டினார்கள்.

ஏப்ரலில் தினம் ஒரு படி.
மே மாதம் அரைப்படி.
ஜூனில், ரேஷன் பருப்பு தீர்ந்த நான்காம் இரவு,
அவர் தூங்கிவிட்டார் என்று நினைத்து
இரண்டாம் மூட்டையின் தையலைப் பிரித்தேன்.
இருட்டிலிருந்து சொன்னார்:
கல் கிடக்கும். பார்த்துப் புடை.

அன்றிலிருந்து கொள்ளு ரசம், கொள்ளுத் துவையல்,
வேகவைத்ததில் உப்பு, சில நாள் அதுவே சோறு.
கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்கள்.
எங்கள் நால்வரில்
கொழுத்தவர் யாரென்று தேடினோம்.
பெரியவன் தட்டை முகர்ந்து கனைத்துக் காட்டுவான்,
சின்னவளுக்குச் சிரிப்பில் புரையேறும்.
அவர் மட்டும் குனிந்து சாப்பிடுவார்,
வேகமாக,
யாரோ பார்க்கிறமாதிரி.

டைகரை அவிழ்த்துவிட்டோம்.
கோல்ஃப் மைதானத்தில்
ஆளில்லாமல் வளர்ந்த புல்லை மேய்ந்துவிட்டு
பனி இறங்கும்போது தானாக வரும்.
விலா எலும்பை எண்ணலாம். எண்ணுவதில்லை.
வாசலில் நின்று மூக்கை விடைக்கும்.
அதற்கு அந்த வாசம் தெரியும்.
கதவைச் சாத்திவிட்டுத்தான் தாளிப்பேன்.

அக்கா, லைனில் இருக்கிறீர்களா?

இருக்கிறேன்மா.
பருப்பு வகை, ஆம். தினமும்.

பரவாயில்லையே என்றாள்,
உண்மையாகவே சந்தோஷப்பட்டாள்.
இதுதான் கடைசி அக்கா:
போன மாதத்தில் உங்கள் வீட்டில் யாராவது
பசியோடு படுத்ததுண்டா?

வெளியே கல்லில் லாடம் தட்டியது.
மனுஷரில் இல்லை என்றேன்.

இல்லை, என்று எழுதிக்கொண்டாள்.