பதினைந்தாம் தேதி ராத்திரி, அறுகம்பே

சீசன் முடியப்போகுது.
மூன்றாம் மேசையில் இட்செல்,
கொத்துக்கு உறைப்புப் போதாதென்கிற மெக்சிகோக்காரி,
திடீரென்று எழும்பிக் கத்தினாள்:
வீவா! வீவா!

முபீத் காசுப்பெட்டியை மூடினான்.
என் கையில் தகடு அப்படியே நின்றது.
ராத்திரியில் ஒரு சத்தம் கேட்டால்
லாம்பை ஊதி அணைத்துக் குந்தியிருந்து
வளர்ந்த ஆக்கள் நாங்கள்.

பயப்படாதே, எங்கள் திருநாள், என்றாள்.
இருநூறு வருசத்துக்கு முந்தி
ஒரு பாதிரியார் விடியுமுன் மணியடித்து
ஊரைக் கூப்பிட்டுக் கத்தினாராம்.

வென்ற நாளா?
இல்லையாம். மறுகா பதினொரு வருசம் சண்டை.
அடுத்த வருசமே அந்த மனுசனைச் சுட்டார்களாம்.

அப்ப, வென்ற நாள்?
அதுவும் இதே மாசம், இருபத்தேழு.
அதுக்கு லீவு இல்லை.

எங்கள் பெப்ரவரி நாலு
காகிதம் கைமாறின நாள்.
பிரதேச செயலகத்தில் கொடி ஏறும்,
நான் வெங்காயம் உரிப்பேன்.

கத்தினதையா கொண்டாடுவது?
கேட்க நினைத்தேன். ஓடர் கிடந்தது.
இரண்டு தகட்டாலும் கல்லில் அடித்தேன்,
வழமையைவிடக் கொஞ்சம் பலமாக.
தெருவில் ஓட்டோ ஒன்று நின்றது.
அவள் திரும்பவும் கத்தினாள்.

முபீத் வாசலைப் பார்த்தான்.
ஒருத்தரும் வரவில்லை.